செவிடிக்கு எதுக்கு ஊஃபரு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் படம் பார்ப்பது வழக்கம். வயிறு நிறைய கறிச்சோறு, கொஞ்சம் தூக்கக் கலக்கம், அப்புறம் படம். மாமியார் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார். என் கணவர் தரையிலேயே படுத்துவிடுவார். மகள் ரிமோட்டை யாரிடமும் கொடுக்கமாட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்து இவர்கள் மூவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இவர்கள் சிரித்தால் அங்கே காமெடி. இவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால் சண்டை. மூளைக்காய்ச்சல் வந்து என் இரண்டு காதும் போனபோது மகள் ஒன்றாம் வகுப்பு. காதில் மெஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாப் படமும் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஓடுகிறது.

வீட்டில் மூவர் உதடும் எனக்கு அத்துப்படி. வெளியாட்கள் பேசினால் மகள் செல்போனில் தட்டிக் காட்டுவாள். ஆனால் படத்தில் வருகிறவர்கள் என்னைப் பார்த்தா பேசுகிறார்கள்? "இன்னாடி ஆச்சு?" என்று மகளைக் கேட்பேன். "இரும்மா, அப்பால சொல்றேன்" என்பாள். பாவம், அவளும் படம் பார்க்க வேண்டாமா? அந்த அப்பால மட்டும் வந்ததே இல்லை. படம் முடிந்ததும் மூவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மட்டும் விருந்தாளி மாதிரி இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

என் கணவர் மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட் கல்யாணங்களுக்கு மேடை போடும் ஒரு டெக்கரேஷன்காரரிடம் வேன் ஓட்டுகிறார். ஒரு நாள் ஆள் குறைகிறது என்று என்னையும் அழைத்துப் போனார். கடலைப் பார்த்தபடி மணலில் இரும்புச் சட்டம் நிறுத்தி, மேலே பிளைவுட் பலகை போட்ட மேடை. பின்பக்கம் ஏறி நின்று துணிக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளங்காலில் ஒரு குத்து. அது முழங்கால் ஏறி நெஞ்சுக்கூட்டில் வந்து நின்றது. மறுபடி ஒரு குத்து. மேடைதான் சரிகிறது என்று பயந்து மணலில் குதித்தேன். குதித்ததும் எல்லாம் நின்றுவிட்டது. மேலே ஏறினேன், மறுபடி குத்தியது. இறங்கினேன், இல்லை.

"இன்னாத்துக்கு ஏறி ஏறி எறங்கினுகீற?" என்று கணவர் ஓடி வந்தார்.

"பாட்டு ஓடுது" என்றேன்.

அவர் மேடையோரம் இருந்த ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் மேடையிலேயே நின்றுகொண்டேன். அன்றைக்கு ஊக்கு குத்தியதெல்லாம் கோணல்மாணல்.

திரும்பும் வழியில் வேனிலேயே முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரிலும் கனத்த ஒலிக்கென்று ஒரு ஊஃபர் இருக்கத்தான் இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவு. அதன்மேல் கை வைத்தால் ஃபிரிட்ஜ் மேல் கை வைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது மேடையோரம் நின்ற அந்தப் பெட்டியின் தம்பி. அதை நானே செய்வேன். மறைமலை நகர் பக்கம் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சால்டரிங் மேஜையில் உட்காருகிறவள் நான். ஈயம் உருக்கி ஒட்டுவது எனக்கு வெங்காயம் நறுக்குவதைவிடச் சுலபம். மீதியை செல்போன் வீடியோவில், கீழே ஓடும் எழுத்தைப் படித்துக் கற்றுக்கொண்டேன்.

மாமியாருக்கு விஷயம் தெரிந்தபோது நான் பீரோ கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு முதுகுப்பக்கம் நின்று மகனிடம் சொன்னது கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. "செவிடிக்கு எதுக்குடா ஊஃபரு?"

எனக்குச் சுருக்கென்றது. பின்னலை இறுக்கி முடித்தேன். எனக்கு ஒரு குணம், கோபம் வந்தால் கை வேலை பிரமாதமாக ஓடும். அடுத்த நாளே கார் டெக்கரேஷன் கடைக்குப் போய்ப் பெரிய ஊஃபர் ஒன்றை வாங்கினேன். அளவு எழுதிக்கொண்டு மகளோடு ஆசாரியிடம் போனேன். தடித்த பலகையில் ஒரு வட்ட ஓட்டை பெரிதாக, ஒன்று சின்னதாக வெட்டச் சொன்னதும், கோழிக்கூண்டா என்று கேட்டாராம். மகள் சிரித்துக்கொண்டே தட்டிக் காட்டினாள்.

பெரிய ஓட்டையில் ஊஃபர் உட்காரும். சின்ன ஓட்டையில் பிளம்பிங் கடைக் குழாய் ஒரு முழத் துண்டு. பெட்டி அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சு விடும். கனத்த ஒலிக்குப் பலம் சேர்ப்பது அந்த மூச்சுதான். மூலைக்கு மூலை பசை வைத்து, ஸ்குரூ முடுக்கி, காற்று கசியாமல் அடைத்தேன். ஆம்பிளிஃபயர் போர்டுக்கு வயர் ஒட்டினேன். எல்லாம் சரி, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டாரைக் கேட்டால் "சூப்பர்" என்பார்கள். என் மனசு நோகக்கூடாதாம். அந்த சூப்பரை நான் நம்பத் தயாராக இல்லை. பெட்டிமேல் எவர்சில்வர் தட்டை வைத்து ஒரு பிடி அரிசி போட்டேன். குழாய் வாயில் ஒரு காகித நாடாவை ஒட்டினேன். சுவிட்சைப் போட்டதும் நாடா படபடத்தது. அரிசி தட்டை விட்டு எகிறிக் கூடமெல்லாம் சிதறியது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் கை தட்டினேன்.

போய் சோபாவில் உட்கார்ந்தேன். ஒன்றுமே இல்லை.

கால்களைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். பெட்டியைத் தொட்டால் கை அதிர்கிறது, இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் ஊமை. அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. எங்கள் வீடு கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். ரயிலே கூடத்துக்குள் வந்தாலும் அது அசையாது. அன்று கல்யாணத்தில் நான் நின்றது அடியில் வெற்றிடம் உள்ள பலகையின்மேல்.

"எனக்கு ஒரு மேடை வேணும்" என்றேன் கணவரிடம்.

"கூடத்துலயா? இன்னா கச்சேரி பண்ணப் போறியா?"

"ஆமா. நீ கொண்டாறியா, நானே போய்க் கேக்கட்டா?"

கிண்டல் பண்ணினாலும் கொண்டுவந்துவிட்டார். முதலாளியின் குடோனில் மூலை உடைந்து கிடந்த இரண்டு மேடைப் பலகைகள். உடைந்த இடத்தை அறுத்து, அடியில் மரச்சட்டம் கொடுத்து, ஒரு சாண் உயரத்தில் கூடத்தில் பாதியை அடைத்துவிட்டேன். சோபா வாசலுக்குப் போனது. பெட்டியை மேடையின் ஓரத்திலேயே இறுக்கமாக முடுக்கினேன். தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் மகளிடம் கேட்கவில்லை.

ஞாயிறு வந்தது, படம் போட்டோம். முதல் தடவை எகிறிச் சிதறிய அரிசி இப்போது தட்டில் சோம்பேறித்தனமாக நெளிந்தது. காலுக்கு வந்தது ஏதோ கொசு கடித்த மாதிரி. அந்த வாரம் கம்பெனி விட்டு வந்த மாலையெல்லாம் அந்தப் பெட்டியோடுதான். வயரை மாற்றினேன். போர்டில் வைத்த ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். டிரான்ஸ்ஃபார்மரைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் மீட்டரில் சோதித்தேன். எதிலும் பழுதில்லை.

"வுட்டுத் தொலையேன்" என்றார் கணவர். பரிதாபத்தில்தான் சொன்னார். அந்தப் பரிதாபம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

"வுடமாட்டேன்" என்றேன்.

கடைசியில் காகித நாடாவை மறுபடி குழாய் வாயில் ஒட்டினேன். சத்தத்தை முழுசாக வைத்தும் நாடா செத்த பல்லி மாதிரி தொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ நீலக் கட்டம். விரலை விட்டு இழுத்தேன். லுங்கி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதன் பின்னால் ஒரு சாக்குத் துண்டு வேறு.

கொளவாய் ஏரிப் பக்கத்துத் தெரு எங்களுடையது. மழைக்கு எலியும் ஓணானும் வீட்டுக்குள் குடிவரும். தண்ணீர் போகும் குழாயோ ஏசிக்கு விட்ட ஓட்டையோ, கண்ணில் பட்டதும் கந்தலை எடுத்து அடைத்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் யாருக்கும் மறுவேலை. எங்கள் வீட்டில் அது மாமியாரின் வேலை. லுங்கியைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றேன்.

"எலி பூந்து குட்டி போட்டுச்சினா?" என்றார், என் முகத்துக்கு நேரே வந்து, நன்றாக வாயைத் திறந்து. "ஒயரெல்லாம் கடிச்சிப்புடும். நீ அவ்ளோ ஆசையா செஞ்சியேன்னுதான் அடைச்சி வெச்சேன்."

திட்டுவதற்கு வாயில் தயாராக இருந்த வார்த்தைகளை அப்படியே முழுங்கினேன். கண்ணாடியில் பார்த்த வாயும் இதே வாய்தான் என்பது ஒருபக்கம் உறுத்தியது. ஆனால் அந்த லுங்கியை எவ்வளவு பொறுமையாக, குச்சி வைத்துக் குத்திக் குத்தி ஏற்றியிருப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். குழாய் வாய்க்கு இரும்பு வலை வைத்து முடுக்கிவிட்டேன். எலிக்கும் தடை, மாமியாருக்கும் தடை.

அடுத்த ஞாயிறு பேய்ப் படம். நால்வரும் மேடையில் வரிசையாக உட்கார்ந்தோம், என் பக்கத்தில் முறுக்குத் தட்டு. வீட்டுக்குள் ஒருத்தி நடந்து போகிறாள். திரையில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் என் தொடைக்கு அடியில் பலகை மெல்ல உறும ஆரம்பித்தது. ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கதவு அறைந்தது, பலகை முதுகெலும்பில் உதைத்தது, நான் அலறினேன். திரும்பினால் மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் ஒரே சமயத்தில் பயந்திருந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வசனம் ஒன்றும் புரியவில்லை, புரியாது என்று தெரிந்தேதான் இந்த வேலையில் இறங்கினேன். பயந்தது போதும் எனக்கு.

படம் பாதி தாண்டியிருக்கும். அந்தப் பெண் ஜன்னல் ஓரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பலகையில் இரண்டு தட்டு வந்தது. திரையில் அதற்கு ஏற்ற மாதிரி எதுவும் இல்லை. வயர் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பெட்டியைப் பார்த்தேன். மறுபடி இரண்டு தட்டு. பெட்டியிலிருந்து வரவில்லை, இடதுபக்கத்திலிருந்து வந்தது. திரும்பினேன். மேடையின் அந்தக் கோடியில் மகள் குதிகாலைத் தூக்கி மூன்றாம் தடவை தட்டப்போனாள். நான் திரும்பியதைப் பார்த்ததும் காலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, முறுக்குத் தட்ட இப்டித் தள்ளு" என்றாள்.

காது போனதிலிருந்து என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வந்து தோளைத் தொடுவார்கள், புடவையை இழுப்பார்கள், லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள். அவசரமென்றால் துண்டைத் தூக்கி எறிவார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். இருந்த இடத்தில் இருந்துகொண்டே என் பிள்ளை என்னைக் கூப்பிட்டு நான் திரும்பிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை, முறுக்கில்தான் கண்ணாக இருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தட்டை நான் தள்ளவில்லை. முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னொரு வாட்டி கூப்புடு" என்றேன்.