தொட்டிக்குள் இருந்து வந்த பதில்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தத் தேயிலை ஃபேக்டரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். குன்னூரிலிருந்து கீழே இறங்கும் வழியில் இருக்கிறது, அவ்வளவு போதும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. இரும்புத் தொட்டிகளுக்கு உள்ளே, துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு அடிப்பார்கள். அது சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிப்பவள் நான். கம்பி பிரஷ் மாதிரி ஒரு கருவி. அதில் மின்சாரம் ஓடும். பூச்சின் மேல் தடவிக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை இருந்தாலும் 'கீ...' என்று கத்தும். கத்துகிற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பேன். ஊசித் துளை போதும், இந்த மலை ஈரத்துக்குத் துரு உள்ளே புகுந்துவிடும்.

துரு இரும்பை மட்டும் தின்பதில்லை. மூடிக் கிடக்கும் தொட்டியில் அது மூச்சுக் காற்றையும் தின்றுவிடும். நாற்றம் வராது, இருமல் வராது. இறங்கிய ஆள் அப்படியே உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் மூடியைத் திறந்து போட்டு, ஊதுகாற்று வைத்து, மூச்சுக் காற்று போதுமா என்று மீட்டரில் பார்த்துவிட்டு இறங்குகிறோம். அதன் பிறகும் வெளியே ஓர் ஆள் நிற்பார். அவ்வப்போது இரும்பில் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்டினால் நலம் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் ஒரு நொடி யோசிக்காமல் மேலே இழுக்க வேண்டும். எங்கள் தொழிலில் வாய்ப்பேச்சை நம்ப மாட்டோம். இந்தத் தட்டைத்தான் நம்புவோம்.

போன ஆடி மாதம். மதியம் மூன்றே கால் மணி. மலைச்சரிவை வெட்டி உட்கார வைத்த பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி அது. பின் சுவர் முழுக்க மண்ணோடு ஒட்டியிருந்தது. பூச்சு வேலை காண்ட்ராக்டர் விஜயனுடையது. மூடி வாயில் நின்றவர் பொன்னுத்துரை, சிலோனிலிருந்து வந்து அந்த எஸ்டேட்டிலேயே தங்கிவிட்ட ஃபேக்டரித் தொழிலாளி.

"கவனமா எறங்குங்க பிள்ள. மிஸ்ட் வந்துட்டுது, ஏணி வழுக்கும்" என்றார்.

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன். மீட்டர் நன்றாகக் காட்டியது. முன் சுவர், பக்கச் சுவர் இரண்டும் சுத்தம். மேலே தட்டினார். டங்... டங். என் சுத்தியலால் பதில் தட்டினேன்.

பின் சுவருக்குத் திரும்பினேன்.

மறுபடி மேலே டங்... டங். நான் சுத்தியலை எடுப்பதற்குள்...

டங்... டங்.

பின் சுவரிலிருந்து. மண் பக்கத்திலிருந்து.

"சரி பிள்ள!" என்று பொன்னுத்துரை மேலிருந்து குரல் கொடுத்தார். நான்தான் தட்டினேன் என்று நினைத்துவிட்டார். எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரஷை வைத்தேன்.

'கீ...'

என் நெஞ்சு உயரத்தில். புள்ளி வைத்தேன். பக்கத்தில் மறுபடி 'கீ...' புள்ளி. கீழே... இன்னும் கீழே... டார்ச் வெளிச்சத்தில் பூச்சு கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கத்தியது.

இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன்.

என் புள்ளிகள் சேர்ந்து இரண்டு உள்ளங்கைகளாக நின்றன. பத்து விரல்கள். சுவரைப் பற்றப் பார்த்து, தரை வரை சறுக்கி இறங்கிய விரல்கள்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேலே விஜயன் நின்றிருந்தார்.

"ஏனுங்க மேடம், உங்க மெஷினுக்குக் குளிரடிக்குதுங்களா?"

"பின் சுவர் ஃபெயில். சுரண்டிட்டுத் திரும்ப அடிக்கணும்."

"அந்தச் செவுத்துக்கு மட்டும் நானே நின்னு மூணு கோட் அடிச்சனுங்க. மத்ததுக்கெல்லாம் ரெண்டுதான். நாளைக்குத் தண்ணி விட்டாகணும். தள்ளுங்க, நானே பாக்கறேன்."

"கயிறு கட்டிட்டு இறங்குங்க."

"அஞ்சு நிமிசத்துக்கு என்னத்துக்குங்க கயிறு? நான் என்ன மாடா?"

இறங்கிவிட்டார். ஊதுகாற்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பொன்னுத்துரை தட்டினார். பதில் வந்தது. டங்... டங்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி. டங்... டங்.

"ஆள் நல்லாத்தான் இருக்கார்" என்றார்.

கால் மணி நேரம் ஆனது. "விஜயன் சார்!" என்று கூப்பிட்டேன். குரல் இல்லை. பொன்னுத்துரை தட்டினார்.

டங்... டங்.

அப்போதுதான் தோன்றியது. உள்ளே விஜயன் எதால் தட்டுகிறார்?

அவர் கொண்டு போனது ஒரு பிளாஸ்டிக் டார்ச். சுத்தியல் என் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொன்னுத்துரையின் முகம் வெளுத்தது. மூடி வாயில் குனிந்து டார்ச் அடித்தோம்.

பின் சுவரடியில் விஜயன் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. அசைவே இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

டங்.

டங்.

கயிறு கட்டி நான்தான் இறங்கினேன். அவரைக் கட்டிவிட்டேன், ஃபேக்டரி ஆட்கள் ஓடி வந்து மேலே இழுத்தார்கள். உயிர் இல்லை. மூச்சுக் காற்று இல்லாமல் போனதால் வந்த சாவு என்றார் டாக்டர். விஜயன் கிடந்த இடத்தில் என் மீட்டர் காட்டிய அளவு, வெளியே மலைக்காற்றுக்குக் காட்டிய அதே அளவு. நான் அதே இடத்தில் நின்று மூச்சு விட்டவள். புதிதாகப் பூசிய தொட்டியில் துருவே இல்லை. ஆனால் அவருடைய உள்ளங்கை இரண்டும் சிவப்பாக இருந்தன. நகக்கண்ணெல்லாம் துரு. மறுநாள் அதே சுவரைச் சோதித்தேன். கருவி ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

பதினைந்து நாள் கழித்துத்தான் மூக்கம்மாவைப் பார்த்தேன். அந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். பொன்னுத்துரைதான் கூட்டிப் போய்க் காட்டினார். ஆறு வருஷத்துக்கு முன்னால், அதே தொட்டியில் துரு சுரண்ட இறங்கிச் செத்துப்போன சுடலையின் மனைவி அவர். அப்போதும் காண்ட்ராக்ட் விஜயனுடையதுதான். ஊதுகாற்று வைக்கவில்லை. மீட்டர் பார்க்கவில்லை. மூடியைத் திறந்த கையோடு ஆளை இறக்கிவிட்டார்.

மூக்கம்மா தேயிலைச் செடிகளின் நிரை நடுவில் நின்றபடியே சொன்னார்.

"ரொம்ப நேரமா ஆளக் காணோம்னு நாங்க ஓடியாந்து கத்தறோமுங்க. அந்தக் காண்ட்ராக்டரு மூடிய மறைச்சு நின்னுக்கிட்டான். ஊதுகாத்து வெக்கலன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சுரும்னு பயம். உள்ளருந்து ஒரு சத்தமில்லீங்க. ஆனா, 'பதிலு தட்டறான், நல்லாத்தான் இருக்கான், போய் வேலையப் பாருங்க'ன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்."

கூடையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தாளு செத்தன்னிக்கு நீங்க அங்கதான் இருந்தீங்களாமே. அந்தச் சத்தத்தக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நல்லா சத்தமா கேட்டுச்சுங்களா?"

"கேட்டது."

மூக்கம்மா சிரித்தார். கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

"எங்க அவருக்கு எப்பவுமே கை பலமுங்க."