சீனர் கேட்ட மலைத் தோட்டம்

சுவரில் படம் எழுதுகிறவனுக்குக் கைவலியைவிட, பின்னால் நின்று பார்ப்பவர்களின் வாய்தான் பெரிய தொல்லை. தூரிகை பிடித்த உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலம். அவர்கள் கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட சீனத் தச்சர் ஒருவர், ஏரியோரத் தோணிரேவுக் குப்பத்துப் பெண்ணைக் கட்டியிருந்தார். அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவர் தன் சாமிக்கு ஏரிக்கரையில் சின்னக் கோயில் எழுப்பி, செத்தவர்கள் போய்ச் சேரும் மலைத் தோட்டத்தைச் சுவரில் எழுத என்னைக் கூப்பிட்டார். அந்தப் படத்தின் வழியாகவே அவளைப் போய்ப் பார்க்க வேண்டுமாம். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

மலை

நான் பார்த்த உயரமான இடம் மணல்மேடுதான். அவர் ஈர மணலைக் குவித்து, விரலால் கீறி, இதுதான் மலை என்று காட்டினார். அப்படியே எழுதினேன். வலை உலர்த்த வந்த அவர் மச்சான் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"இன்னாபா இது, கவுத்து வச்ச இறால் கூடையாட்டம் கீது? என் தங்கச்சி இதுமேல எப்டி ஏறுவா?"

நாரை

பழமரங்களுக்கு நடுவே வெள்ளை நாரைகள் வேண்டும் என்றார் சீனர். எனக்கு நாரை என்றால் நம் ஏரிப் பூநாரைதான். காலையும் இறக்கையையும் சிவப்பாக்கிவிட்டேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கிட்டே போய்ச் சிவப்பு இறக்கையைப் பார்த்தார்.

"இருக்கட்டும். அவளுக்கு இதுங்கதான் பழக்கம்."

வெறும் சுவர்

மலைக்கும் தோட்டத்துக்கும் நடுவே சுவரை வெறுமனே விடு, அது பனிமூட்டம் என்றிருந்தார். நம் தொழிலில் கையகலம் காலியாக விட்டால் சோம்பேறி என்று ஊரே சொல்லும். அவர் கப்பல் பழுது பார்க்கப் போன நேரத்தில் பூங்கொடி படரவிட்டு அடைத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பனிக்குள்ளதான்பா வழி. நான் அவகிட்ட போற வழிய அடைச்சிட்டியே."

ஏரிக் காற்று

மறுபடி வெள்ளை அடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று போனவர் கோயில் பக்கமே வரவில்லை. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், காய்ந்த சுண்ணாம்பின்மேல் அவசரமாக எழுதிய என் கொடியை, ஏரிக் காற்றின் உப்பு சுவரில் வெள்ளையாகப் பூத்து உதிர்த்துத் தள்ளியிருக்கிறது! நடுவில் வெள்ளை வெளேரென்று சுவர். மானம் போச்சே என்று உப்பைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அதற்குள் மச்சான் போய் அவரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார்.

"துடைக்காதபா. அவ பொறந்த ஏரி, அதுவே வழி விட்டுச்சு."

சுவரில் உப்பு பூத்ததற்கு நான் வசை வாங்காமல் தப்பியது, என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.