அழிக்க அழிக்க வந்த சிவப்பு வரிகள்

அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நிபுணர் வருவார். வேறு யாருமில்லை, என் கணவரின் அண்ணன்தான். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மொன்ரியலின் மறுகோடியில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் பூசை முடிந்ததும், நெற்றி நிறைய விபூதியோடு காரில் ஏறிப் பாலம் தாண்டி நாங்கள் இருந்த புரோசார்ட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "கொம்பியூட்டர் எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். வீட்டில் இருக்கும் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை.

அவர் படித்தது கணினியில்லை. ஒரு உணவுப்பொருள் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பெட்டி அடுக்குவதை மட்டும் செய்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வேலைத்தலத்தில் யாரோ அவருக்கு ஒரு சீடீ கொடுத்துவிட்டார்கள். நம் கணினிக்குள் ஒளிந்திருந்து வேவு பார்க்கும் சாமான்களைக் கண்டுபிடித்து அழிக்கும் இலவச புரோகிராம் அதில் இருந்தது. அன்று தொடக்கம் சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் அவர் மூக்கை நுழைக்காத கணினி கிடையாது.

அவர் கதிரையில் உட்காருவார். என் கணவர் பின்னால் கைகட்டி நிற்பார். புரோகிராம் ஓடத் தொடங்கும். ஒரு பச்சைக் கோடு முக்கால் மணி நேரம் நகரும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் தேத்தண்ணீரும் வடையும் போயாக வேண்டும். கடைசியில் திரையில் சிவப்பு வரிகள் விழும். முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "டிராக்கிங் குக்கி" என்று எழுதியிருக்கும்.

"பாத்தியா தம்பி, முப்பத்தொண்டு. ஒருத்தன் ரெண்டு பேரில்லை, முப்பத்தொரு பேர் உள்ளுக்கை இருந்து பாக்கிறாங்கள்."

பிறகு எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழித்துவிட்டு, ஆபரேஷன் முடித்த டாக்டரைப் போல எழுந்து கை கழுவுவார். உண்மையாகவே கழுவுவார், வடை எண்ணெய்.

அடுத்த ஞாயிறு மறுபடி இருபத்தெட்டு. அதற்கடுத்தது முப்பத்துநாலு. அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தன. இரண்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது. ஒரு இடத்திலாவது "எனக்கு விளங்கேல்லை" என்று அந்த மனிதர் சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன். அவர் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கணினியில் பிழையில்லை, தன்னிலும் பிழையில்லை என்றால் வேறு யாரிலோ பிழை இருந்தாக வேண்டும்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார்.

"உது தானா வாறதில்லை, தம்பி. ஆரோ கூடாத இடங்களுக்குப் போகினம்."

வீட்டில் அந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் இரண்டு பேர். என் கணவர், எங்கள் ஒரே மகள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே மகளின் அறை.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. சேஜெப் முடிக்கிற வருடம். இங்கே பல்கலைக்கழகத்துக்கு முன்னர் அதை முடிக்க வேண்டும். ஒன்டாரியோவில், வீட்டிலிருந்து ஆறு மணி நேரத் தூரத்தில், அவள் ஆசைப்பட்ட படிப்புக்கே இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் இணையத்தில் போய் "வருகிறேன்" என்று உறுதி செய்ய வேண்டும். அதுவரை அந்தச் செய்தியைத் தொலைபேசியில் நாலு நாட்டுக்கும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். அன்று பின்னேரம் அண்ணன் போனதும் என்னிடம் வந்தார்.

"வீட்டை இருக்கேக்கையே இப்பிடியெண்டால், அங்கை தனிய விட்டால் என்ன நடக்கும்? இஞ்சை மொன்ரியலிலையே படிக்கட்டும்."

"அவளிட்டைக் கேட்டுப் பாத்தனீங்களோ?"

"கேட்டால் சொல்லுவாளோ? அண்ணை அனுபவத்திலை சொல்லுறார். நீர் சும்மா இரும்."

அனுபவம்! ஒரு சீடீயும் இரண்டு மாத வடையும்.

மகள் சும்மா இருக்கவில்லை. இறங்கி வந்து திரையை எட்டிப் பார்த்தவள், பிரெஞ்சில் "நம்போர்த் குவா" என்று முணுமுணுத்தாள். சுத்த உளறல் என்று அர்த்தம். பிறகு தகப்பனிடம் தமிழில், "அப்பா, உது எல்லாற்றை கொம்பியூட்டரிலையும் இருக்கும். பெரியப்பாவின்ரையிலையும் இருக்கும்" என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை. பதில் சொல்கிற பிள்ளை குற்றம் செய்த பிள்ளை என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். வழக்கு அதோடு முடிந்தது. கணினிக்கு ஒரு கடவுச்சொல் போடப் போவதாகவும் அடுத்த ஞாயிறு அண்ணன் அதைச் செய்து தருவார் என்றும் தீர்ப்பு வந்தது.

நான் அப்போது ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் தைத்து முடித்த துணிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். சில நாட்களில் சட்டைகளில் எண்ணெய்க் கறை வரும். சூப்பர்வைசர் தைக்கிற பெண்களைத் திட்டுவார். திட்டினால் கறை நிற்காது. ஒவ்வொரு மிசினாக நிறுத்திப் பார்க்க வேண்டும்; எதை நிறுத்தும்போது கறை நிற்கிறதோ அதுதான் ஒழுகுகிறது. இதற்கு மூளை தேவையில்லை, பொறுமை போதும். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேரிடமும் அந்த அளவுகூட இல்லை என்று நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலையால் வந்ததும் நானே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அத்தான் தட்டுகிற இடங்களைத் தேத்தண்ணீர் வைக்கிற சாட்டில் பார்த்து வைத்திருந்தேன். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்றே மூன்று இடத்தில் தட்ட வேண்டும். இதற்கா இந்த மனிதர் இவ்வளவு கண்ணைச் சுருக்கினார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். மறுபடி ஓட்டினேன். பூச்சியம். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அப்பா வாறதுக்கிடையிலை உன்ரை வேலையைச் செய்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் ஒரு மணி நேரம் கட்டுரை ஒன்றுக்காக எதையோ தேடிப் படித்துவிட்டுப் பகுதிநேர வேலைக்குப் போனாள். நான் ஓட்டினேன்.

இருபத்திரண்டு.

அந்த நிமிடம் வரை அத்தானைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் என் வாயிலேயே கசந்தது. அவர் சொன்னது சரியா? மேலே போய் மகளின் மேசை லாச்சியைத் திறந்து பார்த்தேன். பழைய மெத்ரோ டிக்கெட்டுகள், ஒரு உதட்டுச்சாயம், கணக்குக் கொப்பி. மூடிவிட்டு வந்தேன். அவள் வேலையால் வந்தபோது கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் பார்க்கவில்லை. "அம்மா, என்ன?" என்று கேட்டாள். "தலையிடி" என்றேன். புதன்கிழமை அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் ஒரு மிசினை மட்டும் நிறுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் தொழில். புதன் இரவு எல்லாரும் படுத்த பிறகு மறுபடி அழித்து வைத்தேன். வியாழக்கிழமை எனக்கு வேலையில்லை. காலையில் கணவர் தேத்தண்ணீரோடு வழக்கம் போலக் கணினியில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வேலைக்குப் போனார். அவருடைய கார் தெருமுனை திரும்புமுன்பே புரோகிராமை ஓட்டத் தொடங்கிவிட்டேன்.

இருபது.

தனியாக நின்று சிரித்தேன். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற மனிதர், காலை ஆறு மணிக்குக் கூடாத இடங்களுக்குப் போய் வருகிறாராம்! மறுபடி அழித்தேன். இந்த முறை இணையத்தைத் திறந்தேன், ஒன்றையும் தொடாமல் மூடினேன். அவ்வளவுதான். ஓட்டினேன். பத்தொன்பது. அதே பெயர்கள், அதே சிவப்பு.

யாரும் எங்கும் போகவில்லை. திறந்தவுடன் தானாக வருகிற முதற்பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. அது மரண அறிவித்தல் பக்கம்.

எங்கள் ஆட்களுக்குக் காலையில் முதல் வேலை யார் செத்தது என்று பார்ப்பது. ஊர் சிதறி நாலு கண்டத்தில் கிடக்கிறது. ஜெர்மனியில் ஒரு மாமி கண்ணை மூடினால் இங்கிருந்து அன்றைக்கே போன் போக வேண்டும். ஒரு நாள் பிந்தினால் பத்து வருடம் முகம் கொடுக்க மாட்டார்கள். அதனால் அந்தப் பக்கத்தையே எங்கள் கணினியின் முதற்பக்கமாக ஒருவர் வைத்துக் கொடுத்திருந்தார். எங்களுக்கு மட்டுமில்லை, சொந்தக்காரர் எல்லாருக்கும். யார் என்று சொல்லத் தேவையில்லை.

அதைத் திரும்பத் திறந்து முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். கறுப்புக் கரையிட்ட படங்களுக்கு நடுவே போன் கார்ட்டும் நகைக்கடையும் கல்யாண மண்டபமும் வீடு விற்கிற புரோக்கர்களும் மின்னி மின்னி ஆடினார்கள். அந்த விளம்பரக்காரர்கள்தான், வந்தவரை மறுபடி அடையாளம் காண ஆளுக்கொரு துண்டுச்சீட்டை எங்கள் கணினிக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். குக்கி என்பது அதுதான். இதுவும் எனக்கு ஞானத்தில் தெரிந்ததில்லை. சிவப்பு வரி ஒன்றின் மேல் தட்டினால் அந்தப் புரோகிராமே ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிறது. கடைசியில், "ஆபத்து: குறைவு" என்றும் போட்டிருக்கிறது. இரண்டு மாதமாக அந்த மேதை ஒரு வரியையாவது தட்டிப் பார்த்திருக்கவில்லை. நிறத்தைப் பார்த்தே பயந்திருக்கிறார்.

ஞாயிறு வந்தார். கடவுச்சொல் போடக் கதிரையை இழுத்தவரிடம், "அத்தான், நீங்கள் இருங்கோ. இண்டைக்கு நான் செய்யிறன்" என்றேன். கணவர் முறைத்தார். நான் அழித்தேன், பூச்சியத்தைக் காட்டினேன், இணையத்தைத் திறந்து மூடினேன், ஓட்டினேன். அன்று வடை சுடவில்லை. முக்கால் மணி நேரம் வெறும் தேத்தண்ணீரோடு இருந்தார்கள்.

"செத்த ஆக்களின்ரை பக்கத்திலை அப்பிடி ஒண்டும் வராது, தங்கச்சி" என்றார், கோடு பாதி போயிருக்கும்போது.

பத்தொன்பது வரிகள் விழுந்தன. அவர் கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தம்பியிடம், "இது பரவாயில்லாத சாமான், தம்பி. நான் முதலே யோசிச்சனான்" என்றார். அதே பெயர்கள். பெண் பிள்ளையின் தலையில் கிடந்தபோது கூடாத இடம். தான் வைத்த பக்கத்திலிருந்து வந்தது என்றதும் பரவாயில்லாத சாமான். அவரிடம் வெட்கத்தை எதிர்பார்த்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தையும் அவர்கள் மாற்றவில்லை. யாராவது செத்தால் எப்படித் தெரிவது என்றார்கள்.

கணவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் போனதும் மாடிப்படியைப் பார்த்து, "சரி, அந்த யூனிவர்சிட்டி அலுவலை முடிக்கட்டும்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே பனி தள்ளப் போனார்.

மகள் இறங்கி வந்தாள். நான் வெற்றி பெற்றவளாகப் பக்கத்தில் நின்றேன். நான் கண்டுபிடித்ததை அவளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கே என் கெட்டித்தனம் பெரிதாகிக்கொண்டு போனது. திங்கள் இப்படி, வியாழன் இப்படி என்று எல்லாம் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தபடி பெயரை நிரப்பினாள், விலாசத்தை நிரப்பினாள், கடைசியில் உறுதி செய்கிற இடத்தைத் தட்டினாள். பிறகும் திரும்பவில்லை.

"திங்கக்கிழமை என்னிலை இருபத்திரண்டு வந்தது எண்டனீங்கள்."

"ஓம்."

"வியாழக்கிழமை தானே அப்பாவின்ரை பாத்தனீங்கள். அந்த மூண்டு நாளும் நீங்கள் என்ன நினைச்சனீங்கள், அம்மா?"

"ஒண்டும் நினைக்கேல்லை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எழுந்து, நான் நின்ற பக்கமாக வராமல், கதிரையைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.