நடுக்கோட்டு நக்லே

நடுக்கோட்டுக்கு வந்ததும் நக்லே இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிவிடுவார். அப்புறம் அவரை அசைக்கப் பூகம்பம்தான் வரவேண்டும். பந்து இந்தக் கூடைக்கு ஓடும், அந்தக் கூடைக்கு ஓடும். பத்துப் பயல்கள் நாக்குத் தள்ள அதன் பின்னால் ஓடுவார்கள். நக்லேயின் கழுத்து மட்டும் மேசை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும்.

"எங்க போயிடப்போகுது? எப்படியும் திரும்பி இங்கதானே வரணும்" என்பார்.

பகலெல்லாம் லெபனான் மலையில் குளியலறை ஓடு விற்கிறவர். சனிக்கிழமை வந்தால் கூடைப்பந்து நடுவர். ஓடாத கால்களுக்கும் சேர்த்துக் கைகள் உழைக்கும். பந்தைத் தட்டாமல் எவனாவது நடந்துவிட்டால் நக்லே இரண்டு முஷ்டியையும் உருட்டிக் காட்டுவார் பாருங்கள், அந்தக் காற்றில் முன்வரிசைக்காரர் தொப்பி பறக்கும். கண்ணாடி முன்னால் பழகிப் பழகி வீட்டில் முழுசாக ஒரு தட்டு மிச்சமில்லை என்று அவர் மனைவி ஸமியா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சரி, நடுக்கோட்டில் நின்றால் கூடைக்கடியில் யார் யாரை இடித்தான் என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதற்குத்தான் காது. மேலூர்க்காரர்கள் "ஐயோ" என்றால் அடிபட்டது மேலூரான். கீழூர்க்காரர்கள் அலறினால் கீழூரான். இரண்டு ஊரும் சேர்ந்து கத்தினால், எந்தக் கத்தல் கனமோ அந்தப் பக்கம் விசில். இது தெரிந்ததும் கீழூர் மத்தளம் கொண்டுவந்தது. மேலூர் விடுமா? கல்யாண வீடுகளில் குலவை போடும் பெண்களைத் திரட்டி ஒரு பேருந்து நிறைய இறக்கியது. அந்த வருஷம் மேலூர் தோற்கவே இல்லை.

"உஸ்தாத், நாற்காலி போடட்டுமா?" என்று கீழூர்ப் பக்கமிருந்து ஒருவன் கத்துவான்.

"போடு, ஆனா நடுவுல போடு!" என்பார் நக்லே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆனால் அவருக்கும் ஓர் ஏக்கம் இருந்தது. மலைக்கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை விசில் ஊத வேண்டும். போன வருஷம் ஸமியாவின் தம்பி ஊதினான். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் தபூலே தட்டு காலியானாலும் அவன் கதை காலியாகாது. இந்த வருஷம் நடுவர்களைப் பொறுக்க பெய்ரூத்திலிருந்து தன்னூஸ் என்ற அதிகாரி, கோட்டு போட்டுக்கொண்டு, மேலூருக்கும் கீழூருக்கும் நடந்த ஆட்டத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்தார்.

நக்லே அன்றைக்கு ஓடினார். சும்மா ஓட்டமா? வாலில் தீப்பிடித்த கழுதை தோற்றது. பந்து வருவதற்குமுன் கூடைக்கடியில் போய் நின்று, பந்துக்காகக் காத்திருந்தார்! கூட்டம் வாயைப் பிளந்தது. மத்தளக்காரன் கோலைத் தூக்கியது தூக்கியபடி இருந்தான். குலவைப் பெண்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கீழூர் முரடன் ஒருவன் எகிறினான். முழங்கையும் நெஞ்சும் மோதின. மேலூர்ப் பையன் நக்லேயின் காலடியிலேயே தொப்பென்று விழுந்தான்.

அரங்கத்தில் சத்தமே இல்லை. நக்லேயை வேடிக்கை பார்த்ததில் எல்லாரும் கத்த மறந்துவிட்டார்கள்.

விசில் வாயில் இருந்தது. மூச்சு வரவில்லை. நக்லே மேலே பார்த்தார். மத்தளத்தைப் பார்த்தார். குலவைப் பெண்களைக் கெஞ்சாத குறையாகப் பார்த்தார். ஒருத்தியும் நாக்கை அசைக்கவில்லை.

"ஊதுங்கண்ணே!" என்று பதறினான் கூட நின்ற இளைய நடுவர் ருக்குஸ்.

"யாருக்குடா?"

மெதுவாகத்தான் கேட்டார். அந்த அமைதியில் பெய்ரூத்துக்கே கேட்டிருக்கும்.

ஆட்டம் முடிந்தது. தன்னூஸ் இறங்கிவந்து நக்லேயின் தோளைத் தட்டினார். "நல்லா ஓடினீங்க உஸ்தாத், பொய் சொல்லக்கூடாது. ஆனா கண்ணெதிர்ல விழுந்தவனைப் பத்திப் பக்கத்து ஆளைக் கேட்டா எப்படி? இறுதி ஆட்டத்தை ருக்குஸ் பாத்துக்கட்டும்."

நக்லே நிமிர்ந்தார். காலியாகிக்கொண்டிருந்த அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி விசிலை ஊதினார். வாய்க்கொழுப்பு பிடித்த ஆட்டக்காரனுக்குத் தண்டனை காட்டுகிற மாதிரி, ஒரு கையின் விரல்நுனிமேல் மறு கையைப் படுக்கவைத்து, அதிகாரியின் மூக்குக்கு நேரே பிடித்தார். பிறகு கையை முழுசாக நீட்டி அவருக்கு வாசலைக் காட்டினார்.