சொந்தக்காரி என்பதால் நீக்கப்பட்டவர்

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். இடுப்பில் படங்குச் சாக்கு சுற்றி, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசியிருந்தார். பேசும்போது எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தானையே முறைப்பார். என் பொத்தான்கள் நடுங்கின.

இரத்தசோகைக்கு மரபணுக் காரணம் தேடி, எங்கள் ஆய்வுகூடம் அங்கே இரத்தம் எடுத்திருந்தது. அந்தத் தகவலைக் கணினியில் அலசுவது என் வேலை. முடிவு சொல்லும் நாளில் என்னையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"எங்கக்காவுக்கு முடிவு வந்து மாத்திரையும் குடுத்தாச்சு. எனக்கு எங்கய்யா? கொழுந்து எடுக்கிறப்ப மயங்கி விழுறது நானு!"

"நெருங்கின சொந்தத்துல ஒருத்தரத்தாங்க ஆய்வுல வச்சிக்குவோம். ஒரே மரபணு ரெண்டு வாட்டி கணக்குல வந்துரும்னு மத்தவங்கள நீக்கிருவோம். அதுதான் முறை."

"ஊசி குத்துறப்ப சொந்தம்னு தெரியலியா? இந்த லயத்து வீடுகள்ல சொந்தமில்லாதவன் யாரு?"

வேனுக்குள் பாய்ந்ததாகத்தான் நினைத்தேன். பயத்தில் ஏறியது பாண் ரொட்டி விற்கும் ஆட்டோவில். அங்கேயும் வந்து நின்றார்.

"அக்கா மாத்திரை போட்டா எனக்குச் சொகமாயிருமா?"

பாண்காரர்கூடச் சிரிக்கவில்லை. பாண் தட்டுகளுக்கு நடுவிலிருந்தே மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஆய்வு முடிந்துவிட்டதே, இனி எதற்கு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைவிடச் சம்பளம் கூடிய ஒருவரை முதல்முறையாகத் திட்டினேன். "இரத்தம் கொடுத்தவர் கேட்கிறார், சார்! அவருடைய தகவல் என் கணினியில்தான் கிடக்கிறது. நான் பார்க்கத்தான் போகிறேன். வேலையை விட்டுத் தூக்குவதென்றால் தூக்குங்கள்!"

வீரனைப் போல இறங்கினேன். அந்த அம்மா அசையவில்லை.

"கத்துனது சரி. முடிவு எப்ப வரும்?"