சுண்ணாம்பில் குறைந்த எடை

இருபத்திரண்டு வயதில் நான் சரியான பயந்தாங்கொள்ளி. ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு சுடுவதற்காக, வீட்டுக்கு ஒரு வண்டி சுக்காங்கல் தங்கள் காட்டிலிருந்து பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்பது பள்ளியை நடத்திய மாதா கோயிலின் ஏற்பாடு. எப்போதும் கூடையால் அளப்பதுதான் வழக்கம். அந்த வருஷம் யார் கல் குறைவு என்று சண்டை வந்ததால் எடை போட்டு வாங்கினார்கள். வெந்து வந்த சுண்ணாம்பையும் அதே தராசில் ஏற்றியபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம்.

சூளை போட்டுக் கல்லைச் சுட்டுக் கொடுத்த காளவாய்க்காரர் திருடிவிட்டார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரே கூச்சல். "கல்லு வெந்தா லேசாயிரும்ங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் மாணவி ஒருத்தியின் அப்பா என்னைக் காட்டி, "எரிச்சாலும் எடை குறையாதுன்னு டீச்சரே சொல்லிக் குடுத்திருக்காங்க. எம் மக நோட்டுல இருக்கு" என்றார்.

நான் சொன்னதுதான். மூடிய பாத்திரத்துக்குள் நடந்தால்தான் எடை அப்படியே இருக்கும், திறந்திருந்தால் வாயு வெளியே போய்விடும் என்பதை, மணி அடித்துவிட்டதே என்று சொல்லாமல் விட்டிருந்தேன். அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். டீச்சருக்கே பாடம் தெரியாது என்று பேசுவார்கள், வேலை போய்விடும் என்று பயந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நழுவிவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் போகும் வழியில் காளவாயைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ஒரு சூளை எரிந்துகொண்டிருந்தது. அதை ஒட்டிய ஆழமான வெறுங்குழியில் சுண்ணாம்பை ஒளித்து வைத்திருக்கிறார் என்று புதிய சந்தேகம். "நானே எறங்கிக் காட்டுறேன்" என்று காளவாய்க்காரர் ஏணியைச் சாய்த்து ஒரு காலை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லிலிருந்து குறைந்த எடை எங்கும் தொலைந்துவிடவில்லை. சூளை எரிய எரிய, கண்ணுக்குத் தெரியாத வாயுவாக வெளியே வருகிறது. காற்றைவிடக் கனமானது அது. பக்கத்திலிருக்கும் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும்.

"எறங்காதீங்கண்ணே!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடச் சொன்னேன். பாதிக் குழி போவதற்குள் அணைந்தது. ஏற்றி மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் அணைந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். வகுப்பில் விட்டதை அங்கே சொல்லி முடித்தேன். என் வகுப்பில்கூட யாரும் அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, "அந்தக் குழி ஆளைக் கொன்னுரும்ண்ணே" என்றேன்.

அவர் ஏணியை மேலே இழுத்துப் போட்டார். "தெரியும் டீச்சர். எங்கப்பாரு இப்படி ஒரு குழியிலதான் போனாரு. திருடன்னு சொன்ன பெறகு என்னய வேற என்ன செய்யச் சொல்றீங்க?"