மூன்றரை மணித் திருடன்

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். டிகாக்‌ஷன் இறங்கப் பதினான்கு நிமிடம் ஆனது. பொடி சற்று நைஸாக அரைபட்டிருக்கிறது. ஏரியைச் சுற்றி ஒரு நடை. எட்டேகாலுக்கு இட்லி, நான்கு. ஒன்பது மணிக்கு வாசலில் உள்ள மடக்கு கேட்டின் இரண்டு பூட்டுகளுக்கும் எண்ணெய் விட்டு, சாவிகளைத் துடைத்து, எண் வரிசைப்படி ஆணிகளில் மாட்டினேன். பிற்பகல் மூன்றரைக்கு எங்கள் வீட்டில் நானே திருடுவதாக ஏற்பாடு.

காரணம் இதுதான். என் மனைவியின் அக்கா கணவருக்குத் திருச்சியில் சனிக்கிழமை அறுபதாம் கல்யாணம். புதன்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் கொல்கத்தா லேக் கார்டன்ஸில் இந்தக் கீழ்த்தள வீட்டுக்கு வந்த பதினொரு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூர் போனதே இல்லை. ஒருவர் போனால் மற்றவர் வீட்டைக் காக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. அக்கா பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட அவள் தனியாகத்தான் போய்வந்தாள். போன மாதம் அடுத்த தெருவில் யாரோ ஒரு வீட்டின் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன்.

“இன்னொரு தடவை அங்க தனியாப் போய் நின்னு, ‘அவர் பூட்டுக்குத் துணையா இருக்கார்’னு என்னால சொல்ல முடியாது” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “என்ன சோதனை பண்ணணுமோ பண்ணிக்கோங்கோ. அப்புறம் என்னோட வாங்கோ.”

ஆகவே ஓர் ஒத்திகை. தேறினால் இருவரும் போவது. தேறாவிட்டால் நான் இங்கே.

நோட்டில் பதினாறு விதிகள் எழுதினேன். விதி ஒன்று: நாம் ஊரில் இல்லாதது யாருக்கும் தெரியக் கூடாது. விதி ஏழு: திருடன் வந்தால் கதவைத் திறக்காமல் தெருவையே எழுப்பும் ஒலி எழுப்ப வேண்டும். விசில், குக்கர் மூடியும் கரண்டியும், பூஜை மணி ஆகிய மூன்றையும் கைபேசியில் சத்தம் அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தேன். மாடி வீட்டு பௌதி (இங்கே அக்கம்பக்கத்து அண்ணிகள் எல்லாரும் பௌதிதான்) இரவல் கொடுத்த சங்கு மூன்றையும் தோற்கடித்தது.

“நம்மாத்துல சங்கு எதுக்கு ஊதுவான்னு ஞாபகம் இருக்கோன்னோ?”

“இருக்கு. திருடனுக்கும் ஞாபகம் வரட்டும்.”

“நாம ஊர்ல இல்லாதப்போ யார் ஊதுவா?”

“அது இரண்டாம் கட்டம்.”

ஆறு நாள் பழகினாள். எல்லா வீடுகளிலும் விளக்கேற்றிச் சங்கு ஊதும் மாலை நேரத்தில் அவளும் ஊதியதால் யாரும் கவனிக்கவில்லை. நல்ல அறிகுறி என்று குறித்துக்கொண்டேன்.

மூன்று இருபதுக்கு, பின்கட்டு வழியாக வெளியே போய், கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் வந்தேன். ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுத் தெருவே தூங்கும் நேரம். தூங்கியிருக்க வேண்டும்.

3.21: மாடியிலிருந்து பௌதி. “கீ ஹோலோ, தாதா? என்னாச்சு அண்ணா, சாவி தொலஞ்சுபோச்சா?”

3.24: முனை இஸ்திரிக்காரர். இந்த வெயிலில் குல்லாய் எதற்கு, காய்ச்சலா என்றார்.

3.27: எதிர் வீட்டு மாசிமா (தெருவுக்கே சித்தி), ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஜன்னல் வழியாக. “அவ வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறாளா? நான் வந்து பேசட்டுமா?”

ஒன்றுமில்லை என்று மூன்று பேருக்கும் சொல்லி, நேரத்தையும் குறித்துக்கொண்டேன். மூன்றரைக்கு கேட்டின் கம்பிகளுக்கிடையே கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் துழாவினேன். கை முழங்கைவரை போனது. திரும்ப வரவில்லை. கம்பளி மாட்டிக்கொண்டது. அதே நேரம் உள்ளே என் மனைவி, விதி ஏழின்படி, மூன்று முறை நீளமாக ஊதினாள்.

“பூமிகொம்போ!” என்று மாடியில் பௌதி அலறினார்.

இந்த ஊரில் நிலம் நடுங்கினால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். கொல்கத்தாவுக்கு வந்த பத்தொன்பது ஆண்டுகளில் நடுக்கம் வந்தபோதெல்லாம் நான் வங்கியிலும் அவள் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்கிறோம். இந்த விவரம் என் நோட்டில் ஏறவே இல்லை. அரை நிமிடத்தில் தெருக்கோடிவரை சங்கு. நடுநடுவே குலவை. லுங்கியும் பனியனுமாக மனிதர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் தலையணை இருந்தது. இஸ்திரிக்காரர் தன் மேஜை ஆடியதாகச் சொன்னார். மாசிமா, தனக்கு இரண்டு தடவை ஆடியது என்றார்.

பின்கட்டிலிருந்து என் மனைவி பாய்ந்து வந்தாள். கையில் சங்கு. “நிக்கறேளே! வாங்கோ, பூகம்பம்!”

“நீதானே ஊதினே!”

“நான் ஊதினது திருடனுக்கு. அவா ஊதறது பூகம்பத்துக்கு!”

நான் மாட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒன்பது வாசல்கள் தெரிந்தன. ஒன்பதும் திறந்து கிடந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. எங்கள் பின்கட்டுக் கதவையும் சேர்த்தால் பத்து. திருடனாகிய என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பௌதி கொண்டுவந்த தேங்காய் எண்ணெயால் என் கை விடுபட்டபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. பூகம்பம் இல்லை என்று நான் விளக்கியதை யாரும் ஏற்கவில்லை. மேஜை ஆடியது ஆடியதுதான் என்றார் இஸ்திரிக்காரர்.

உள்ளே வந்து, நோட்டில் ‘தேறவில்லை’ என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து, எண்ணெய் பட்ட சங்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“கேட்டுல கை வைக்கறதுக்குள்ள உங்களை எத்தனை பேர் விசாரிச்சா? எழுதியிருப்பேளே, படியுங்கோ.”

படித்தேன். ஒன்பது நிமிடத்தில் மூன்று பேர்.

“சொந்த வீட்டுக்காரரையே இந்தப் பாடு படுத்தறா. மத்தவனை விடுவாளா?”

என் கையெழுத்தில், நேரத்துடன் இருந்த பதிவு. பேனாவை மூடினேன்.

மறுநாள் ஐந்து பத்துக்கு எழுந்ததும், டிகாக்‌ஷன்கூடப் போடாமல் கேட்டுக்குப் போய், பால் பாக்கெட் போடுகிறவருக்காகக் காத்திருந்தேன். சைக்கிள் நின்றது.

“புதன்கிழமையிலிருந்து...” என்று ஆரம்பித்தேன்.

“ஒன்பது நாளைக்குப் பால் வேண்டாம். திருச்சி. மாடி பௌதி போன வாரமே சொல்லிட்டாங்க” என்று கையில் இரண்டு பாக்கெட்டுகளைத் திணித்தார். “உங்களுக்கு மேல் பெர்த்தாமே, தாதா. பார்த்து ஏறுங்க.”

உள்ளே வந்து, விதி ஒன்றை அடித்தேன். அளவுகோல் வைத்து.